முன்வாசலில் ஒன்பது பேர்

மரக்காணம்
10 பிப்ரவரி 2025

கட்டடக் கலைஞர் ஷஹானா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நம்பரை நேற்று என் போனில் ப்ளாக் செய்துவிட்டேன். ஆகவே கடிதம். பத்தாம் வகுப்பில் விண்ணப்பக் கடிதம் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்கு உங்கள் தாளைப் பார்த்து எழுதினேன். இன்று சொந்தமாக.

பேரூராட்சிக் கட்டடத்தின் முன்சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகளும் மண்டபமும் கட்டப் போகிறார்கள். இடிக்கட்டும். போன மாதம் கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து எங்கள் எடை பார்க்கும் மெஷின் மேல் விழுந்தது. நல்லவேளை, எந்தப் பிள்ளையும் அதில் நிற்கவில்லை. அந்தக் கட்டடத்துக்காக நான் அழ மாட்டேன்.

அறிவிப்பின் இரண்டாவது பத்திக்குத்தான் இந்தக் கடிதம். கட்டடத்தில் இருக்கும் என் அங்கன்வாடி, ரேஷன் கடை, நர்ஸ் அறை மூன்றும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டடத்துக்குப் போகின்றன. நிரந்தரமாக. காரணம்: 'ஆய்வின்படி இச்சேவைகளை நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பது பேரே பயன்படுத்துகின்றனர்.' ஆய்வு செய்தவர் பெயர் கீழே இருக்கிறது. உங்கள் பெயர்.

என்னிடம் இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லாரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஐந்து கிலோமீட்டர் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? யாரும் போக மாட்டார்கள். உப்பள வரப்பில் துணியை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு உப்பு வாருவார்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன் அப்படித்தான் இருந்தது.

சாலம்மாள் என்று ஒருத்தி. உப்பளக்காரி. இரட்டைப் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். அறிவிப்பைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

"ஒம்போதா? எங்கூட்ல இருந்தே அஞ்சு பேரு வரோம். மீதி ஊருக்கே நாலு பேருதானா? யாரு டீச்சர் இத்த எய்துனது?"

என் சிநேகிதி என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ மெட்ராஸ்காரி என்றேன்.

பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மே. மேரிசெல்வி
அங்கன்வாடிப் பணியாளர்

பி.கு: எழுதுவதாக இருந்தால் வீட்டு முகவரிக்கு எழுதவும். கட்டடத்துத் தபால் பெட்டிக்கு அடிப்பாகம் இல்லை.


சென்னை
14 பிப்ரவரி

மேரி,

பதினான்கு முறை கூப்பிட்டேன். பதினைந்தாவது முறை புரிந்தது.

உன் கடிதம் ஆபீசுக்கு வந்தது. எல்லார் முன்னாலும் பிரித்தேன். 'அவர்களுக்கு' என்று பார்த்ததும் மடித்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன்.

எண் தவறில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வருகிறது. அது நல்ல பதில் இல்லை என்றும் தெரிகிறது.

ஜனவரியில் மூன்று நாள். எதிர் டீக்கடை பெஞ்ச். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. கையில் எண்ணும் கருவி. ஒருவர் வாசலைத் தாண்டினால் ஓர் அழுத்து. முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் எட்டு. ஓர் ஆடும் உள்ளே போனது. அதை எண்ணவில்லை.

நீ எலுமிச்சை சாதம் கொண்டுவந்தாய். பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். கருவியை வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்தாய். அந்த இரண்டையும் கழித்தேன். ஒரு வார்த்தை சொன்னாயா?

இன்னொன்று. ஆய்வுக்கு முந்தின நாள் உன் பதிவேட்டை நீதான் காட்டினாய். 'திறந்த நேரம்: காலை 9.30.' எல்லா நாளும் 9.30. நான் பத்து மணிக்கு வந்தது அதைப் பார்த்துத்தான்.

நான் கூனிமேட்டில் வளர்ந்தவள். கடைக்காரர் வீடு. உப்பளம் எனக்குப் பஸ் ஜன்னல். பள்ளிக்கு வரும்போது இடப்பக்கம் வெள்ளை. போகும்போது வலப்பக்கம் வெள்ளை. பன்னிரண்டு வருடம். அந்த வெள்ளைக்குள் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

மெட்ராஸ்காரி என்றாயாம். மற்ற எல்லாவற்றையும்விட அது வலித்தது.

ஷஹானா


மரக்காணம்
20 பிப்ரவரி

ஷஹானாவுக்கு,

'அவர்களுக்கு' போய்விட்டது, கவனி. ப்ளாக் அப்படியே இருக்கிறது.

9.30 பொய். உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள், பத்தரைக்குத் திரும்புகிறார்கள். அதனால் நான் ஐந்து மணிக்குத் திறக்கிறேன். ஆறு வருடமாக. விதிப்படி அந்த நேரத்தில் திறக்கக் கூடாது. எழுதினால் யாரைக் கேட்டுத் திறந்தாய் என்பார்கள். ஆகவே 9.30. நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அறிக்கை என்றாயே, அதில் என் பெயர் வந்துவிட்டால் வேலை போகுமே என்று பயம். சாதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். தப்பில் பாதி என்னுடையது. எழுதிவிட்டேன். இரண்டாம் முறை எழுத மாட்டேன்.

உன் பாதியையும் கேள். நீ உட்கார்ந்தது முன்பக்கம். ரோடு. அந்தக் கட்டடத்துக்கு முன்பக்கமாக யார் வருகிறார்கள்? மேற்பார்வையாளர் அம்மா, போஸ்ட்மேன், ஓட்டுக் கேட்கிறவர்கள், உன் ஆடு. உப்பளத்து ஆட்கள் பின்பக்கமாக வருகிறார்கள். உப்பளம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது? ரேஷன்கூட பின்ஜன்னலில்தான் போடுகிறார்கள். நீ அங்கே வந்து உட்கார்ந்திருந்தால் உன் கருவியின் பட்டன் தேய்ந்திருக்கும்.

சாலம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மெட்ராஸ்காரி இல்லை, கூனிமேட்டுப் பெண், என்கூடப் படித்தவள் என்று. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கூனிமேடா? அப்ப மொத பஸ் ஏறி வரச் சொல்லு. அஞ்சு மணிக்கு வந்து எண்ணட்டும். எண்ணத் தெரியலன்னா நான் சொல்லித்தரேன்."

செயல் அலுவலர் மணிவண்ணன் சாரையும் பார்த்தேன். நல்ல மனிதர். காகிதம் இல்லாமல் மட்டும் அவருக்குக் காது கேட்காது. "ஆய்வு மாறினா முடிவு மாறும்மா. நீ சொன்னா மாறாது" என்றார்.

மேரி


சென்னை
24 மார்ச்

மேரி,

வந்தேன். சொல்லாமல் வந்தேன். நோன்பு தொடங்கிய வாரம். கூனிமேட்டு வீட்டில் சஹர் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டு முதல் பஸ்.

பின்பக்கம். அந்தத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரம். துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தேன். உள்ளே உன் குரல் கேட்டது. யாரையோ மூக்கைச் சிந்தச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

வந்தார்கள். சைக்கிள், மொபெட், நடை. குழாயில் குடிதண்ணீர் பிடித்தார்கள். பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டார்கள். அழுத்தினேன், அழுத்தினேன். அறுபத்து மூன்றில் ஒரு பெண் என் முன்னால் நின்றாள்.

"பஸ்ஸ வுட்டுட்டியாம்மா?"

இல்லை என்றேன்.

"அப்ப சும்மாத்தான நிக்கிற? இத்தப் புடி. தண்ணி புடிச்சிக்கினு வரேன்."

ஒரு பிள்ளை. பிறகு அதே முகத்தோடு இன்னொரு பிள்ளை. இரண்டு கையும் போயிற்று. கருவியை ஒரு பிள்ளை பிடுங்கிக்கொண்டது. கேன் நிரம்பியபோது எண் இருநூற்று நாற்பது.

உன் சாலம்மாளாகத்தான் இருக்க வேண்டும். டீ வாங்கித் தரட்டுமா என்றாள். நோன்பு என்றேன். "அப்ப குந்தும்மா, நின்னுக்கினே இருக்காத" என்றாள்.

மறுநாள் மறுபடி வந்தேன். யாரும் எதையும் திணிக்காதபடி இரண்டு கையிலும் ஃபைல். ஐந்து முதல் ஏழு. பத்தரை முதல் பன்னிரண்டு. நூற்று முப்பத்தேழு பேர். ஆடு இல்லை.

ஆபீசில் கேட்டார்கள், ஒன்பது எப்படி நூற்று முப்பத்தேழு ஆகும் என்று. தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். சொல்வதற்கு எளிதாக இருந்தது. இத்தனை நாள் ஏன் பயந்தேன் என்று தெரியவில்லை.

மணிவண்ணன் சாருக்குக் காது கேட்டுவிட்டது. புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று சேவைக்கும் இடம். கட்டி முடிக்க ஒன்றரை வருடம். அதுவரை அரை கிலோமீட்டருக்குள் ஓர் இடம் கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் அதே ஐந்து கிலோமீட்டர். ஒருமுறை அங்கே போனது திரும்பி வராது. அவருக்கும் தெரியும்.

அரை கிலோமீட்டருக்குள் எனக்குத் தெரிந்த ஒரே இடம், மரக்காணத்தில் இருக்கும் அத்தாவின் சாக்குக் கிடங்கு. அவரிடம் கேட்க என்னால் முடியாது. அந்தக் கிடங்கில் ஓர் ஆணியைக்கூட அவர் யாரையும் நகர்த்த விட்டதில்லை.

ஷஹானா


மரக்காணம்
3 ஏப்ரல்

ஷஹானா,

உன்னால் முடியாது என்றால் என்னால் முடியும். பெருநாளுக்கு மறுநாள் கூனிமேட்டுக்குப் போனேன். நீ காலை பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பிவிட்டாய் என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

உன் அம்மா முதலில் பிரியாணியை வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். உன் அத்தா பக்கீர் முஹம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பொண்ணு இடிப்பா. நான் இடம் குடுக்கணும். நல்ல ஏற்பாடும்மா இது. யாரு வரைஞ்சு குடுத்தா, அவளா?"

"அவளுக்குத் தெரியாது மாமா. நான் அவகூட பேசறதில்ல."

"ஏன்?"

"சண்ட."

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "எனக்கும்தான்!" என்றார். "அவளுக்குத் தெரியாது, நான் மட்டும் போட்டுக்கினு இருக்கேன். ஊரு பூரா எடம் தேடறா. பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?"

சம்மதம். இரண்டு நிபந்தனை. ஒன்று, சாக்குகளை நீயே வந்து எடுத்து அடுக்க வேண்டும். இரண்டு, தரைக்கு வெள்ளை டைல்ஸ் அவர் போடுவார், அதில் யாரும் குறை சொல்லக் கூடாது. "புள்ளைங்க வர்ற எடம், பளிச்சுனு இருக்கணும்."

உன் பங்கு பிரியாணியையும் நானே சாப்பிட்டேன்.

மேரி


சென்னை
28 ஏப்ரல்

மேரி,

சனி, ஞாயிறு இரண்டு நாள். சாக்கு. தும்மல். மூன்று பாச்சைக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவற்றின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வரைபடங்களில் மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவரும் எழுந்து ஒரு முனையைப் பிடித்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. நன்றாக இருந்தது.

நீ வரவில்லை. விழுப்புரத்தில் பயிற்சி என்று சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை யார் பயிற்சி நடத்துகிறார்கள்?

ஷ.


மரக்காணம்
11 ஜூலை

ஷஹானா,

திங்கட்கிழமை கிடங்குக்கு வந்துவிட்டோம். ரேஷன் கடை, நர்ஸ் அறை, நான். பழைய இடத்திலிருந்து நானூறு அடி நடைதான். மணிவண்ணன் சார் இனிப்புக் கொடுத்தார். டைல்ஸில் கண் கூசுகிறது. உன் அத்தா நாற்காலியை வாசலிலேயே போட்டுவிட்டார். தோளில் துண்டு. ஒரு கறை பட்டால் எழுந்து துடைத்துவிட்டு மறுபடி உட்காருகிறார். சந்தோஷத்தில்தான் துடைக்கிறார், திட்டவில்லை.

இப்போது கேள். முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். செவ்வாய் பதினைந்து. புதன் ஒன்பது. இன்று நாலு.

வரப்பில் துணி விரித்திருக்கிறார்கள், ஷஹானா. நானே போய்ப் பார்த்தேன். இரட்டையர் இரண்டும் உப்புக் குவியல் நிழலில் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டின. சாலம்மாளைக் கேட்டால், "வரோம் டீச்சர், அப்பறமா வரோம்" என்கிறாள். முகத்தைப் பார்க்காமல். என்மேல் கோபமா? பாய் வீட்டுக் கிடங்கு என்றா? அதுவும் இல்லை என்கிறாள்.

31ஆம் தேதி மேற்பார்வையாளர் அம்மா கணக்கெடுக்க வருகிறார். இப்படியே இருந்தால் ஐந்து கிலோமீட்டர்தான். இந்த முறை அறிக்கை சரியாகவே இருக்கும். நாலு என்றால் நாலு.

போதாக்குறைக்குப் படியைக் கழுவுவதே வேலையாகிவிட்டது. தினமும் பதினொரு மணிக்கு யார் யாரோ வருகிறார்கள். வெள்ளை வெள்ளையாக உப்புக் காலடி. படி வரைக்கும் வருகிறது. அங்கேயே திரும்பிப் போகிறது. உள்ளே ஒரு தடம் இல்லை.

எனக்குப் புரியவில்லை. நீ படித்தவள். சொல்.

மேரி


சென்னை
14 ஜூலை

மேரி,

உன் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன்.

படி வரை வந்த காலடி. திரும்பிய காலடி.

குழாய், மேரி. பின்பக்கக் குழாயும் அதன் கீழே அந்த சிமென்ட் தொட்டியும்.

நான் இரண்டு நாள் அதன் பக்கத்திலேயே நின்றேன். காலையில் குடிதண்ணீர் அங்கேதான் பிடித்தார்கள், பிடித்துக்கொண்டே பிள்ளையை விட்டார்கள். பத்தரைக்கு வந்து தொட்டியில் இறங்கி முழங்கால் வரை உப்பைக் கழுவினார்கள். பிறகுதான் பிள்ளை, ரேஷன், நர்ஸ். கழுவாமல் ஒருவரும் உள்ளே போகவில்லை. இப்போது தண்ணீர் அங்கே. பிள்ளை இங்கே. நடுவில் ஈரக்காலில் ஒட்டுகிற மண் ரோடு, பிறகு வெள்ளை டைல்ஸ். டைல்ஸுக்கு முன்னால் என் அத்தா, துண்டோடு.

வரைபடத்தில் மூன்று அறைகளை நகர்த்தினேன். அறையாக இல்லாத ஒன்றை நகர்த்தவில்லை. இந்த முறை சரியான பக்கத்தில் நின்றும் பார்க்கவில்லை. பார்ப்பது என்பது எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் இல்லை போல.

21ஆம் தேதி இடிக்கத் தொடங்குகிறார்கள். இடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் தொட்டியும் இருக்கிறது. நாலாம் பக்கம். பட்டியல் போட்டவள் நான். நீக்கச் சொல்லி எழுதிவிட்டேன். காகிதம் போய்ச் சேர நாளாகும்.

சாலம்மாளிடம் சொல்.

ஷஹானா


மரக்காணம்
23 ஜூலை

அடியே ஷஹானா,

சாலம்மாளிடம் சொன்னேன். "இத்தச் சொல்ல மெட்ராஸ்ல இருந்து லெட்டரு வரணுமா?" என்றாள். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த பாயி ஆசையா போட்ட தரை டீச்சர். கால் வைக்கவே கூச்சமா இருக்குது. அவரப் போய் கொற சொல்ல சொல்றியா?"

குறை சொல்லக் கூடாது என்று உன் அத்தா போட்ட நிபந்தனையை நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஆக, இதிலும் பாதி என்னுடையது.

சனிக்கிழமை பதினொரு மணி. பன்னிரண்டு பெண்கள், இரண்டு கடப்பாரை, உப்பு மூட்டை ஏற்றுகிற டிராக்டர் ஒன்று. தொட்டியைச் சுற்றிலும் தோண்டி, அடியில் கட்டை கொடுத்து, ஏலேலோ போடாத குறை. பாதி ஏற்றியபோது மணிவண்ணன் சார் ஓடி வந்தார்.

"எம்மா, எம்மா! இது அரசாங்க சொத்தும்மா! எடுத்துக்கினு போவக் கூடாது!"

"யாரு சார் எடுத்துக்கினு போறது?" சாலம்மாள் கையை விடாமலே கேட்டாள். "தள்ளி வெக்கிறோம். கொஞ்சம் தள்ளி. நீயும் ஒரு கை குடு சார், உன் சொத்துதான?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். என்ன காகிதத்தில் கையெழுத்துப் போடுவார் தெரியவில்லை, அன்றைக்குத் தொட்டியின் இடது மூலை அவர் கையில்தான் வந்தது. ஒரு மூலை உடைந்தது. அவர் மூலை இல்லை.

கிடங்குக்கு ஒரே வாசல்தானே? அதனால் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. உன் அத்தா கிடங்கு மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் மனிதர் முகம் விழுந்துவிட்டது. "நான் தொடச்சது அதுங்களுக்கு வெரட்டற மாதிரி இருந்துச்சா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக்கட்டி, முதலில் அவரே தொட்டியில் இறங்கி நின்றார். "வாங்கம்மா. தண்ணி நல்லாருக்குது."

துண்டு இப்போதும் தோளில்தான் இருக்கிறது. கால் துடைக்க யார் கேட்டாலும் கொடுக்கிறார்.

திங்கள் பத்தொன்பது. நேற்று இருபத்திரண்டு. இன்று இருபத்து மூன்று. அந்த ஒன்று யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மேரி


சென்னை
29 ஜூலை

மேரி,

புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இந்த முறை முதல் கோடு பின்பக்கத்தில். ஆறடிக்கு மூன்றடி, ஒரு செவ்வகம். ஒரு மூலை உடைந்தது. அதிலிருந்து தொடங்கி அறைகள்.

ஆபீசில் ஒருவர் குனிந்து பார்த்தார். செவ்வகத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"வாசல்" என்றேன்.

ஷஹானா


மரக்காணம்
1 ஆகஸ்ட்

ஷஹானா,

நேற்று மேற்பார்வையாளர் அம்மா வந்தார். பிள்ளைகளை எண்ணினார். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று. பதிவேட்டைக் கேட்டார்.

கிடங்குக்கு வந்த அன்றே புதுப் பதிவேடு தொடங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரைக்கும், பயந்துகொண்டேதான், 'திறந்த நேரம்' என்ற இடத்தில் ஒரே நேரத்தை எழுதியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, தப்பா எழுதியிருக்க?"

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், வாசலில் தொட்டிக்குள் நின்றபடியே சாலம்மாள் கத்தினாள்: "தப்பில்ல மேடம்! இப்பத்தான் சரியா எய்தியிருக்காங்க. சந்தேகம்னா நாளைக்கு வந்து பாருங்க. வெறுங்கையா வராதீங்க, வந்தா புள்ளயத் தூக்க சொல்லுவேன்!"

இன்று வந்தார். இரட்டையரில் ஒன்றைத் தூக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணல். உப்பள வேலை நடக்கும் மாதங்களுக்கு இந்த நேரமே இருக்கட்டும் என்று மேலே எழுதப் போகிறாராம்.

இங்கேயே இருக்கிறோம்.

ப்ளாக்கை எடுத்துவிட்டேன். கூப்பிடு. காலை ஐந்து மணிக்கு மட்டும் வேண்டாம். அப்போது கதவு திறந்துகொண்டிருப்பேன்.

மேரி